காயம் கட்டிய கேப்டன்
டாக்டர் லட்சுமியின் கதை

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1952-ல் முடிந்தது. அப்போது திண்டுக்கல், மதுரை ஜில்லாவைச் சேர்ந்த ஊர். அந்தத் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனவர் ஒரு பெண்மணி. பெயர் அம்மு சுவாமிநாதன். நம் நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதிய சபையில் இருந்த பெண்கள் பதினைந்து பேர். அவர்களில் அவரும் ஒருவர்.

அம்மு அம்மாளுக்கு இரண்டு பெண்கள். ஒருவர் உலகம் புகழ்ந்த நாட்டியக் கலைஞர் மிருணாளினி சாராபாய். மூத்தவர் லட்சுமி. தாயார் டில்லி பார்லிமெண்டில் இருந்த அந்த நாட்களில், இந்த மூத்த மகள் கான்பூரில் ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பர்மா நாட்டில் குண்டு மழைக்கு நடுவே காயம்பட்ட சிப்பாய்களைக் காத்தவர். கேப்டன் லட்சுமி என்றால் தெரியாதவர் அன்று இல்லை.

அவருடைய கதையை இந்த வாரம் பார்ப்போம்.

தீண்டாத பெண்ணின் கையைப் பிடித்த சிறுமி

லட்சுமி 1914-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி சென்னையில் பிறந்தார். தகப்பனார் சுவாமிநாதன் பேர் பெற்ற வக்கீல். சென்னை ஹைகோர்ட்டில் கிரிமினல் வழக்குகளை நடத்தியவர். தாயாரின் ஊர் பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரை.

விடுமுறை வந்தால் குழந்தைகள் மலையாள தேசத்தில் பாட்டி வீட்டுக்குப் போவார்கள். அந்த வீட்டைச் சுற்றிக் காட்டுவாசி மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய நிழல் பட்டாலே தீட்டு என்று பாட்டி நினைத்தார். ஒரு நாள் சிறுமி லட்சுமி நேரே போய் அந்த மக்களில் ஒரு சிறுமியின் கையைப் பிடித்தாள். விளையாட அழைத்து வந்தாள். பாட்டிக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டாம்! பேத்தி அசையவில்லை.

பிற்காலத்தில் மலமும் சீழும் நாறும் ஆஸ்பத்திரியில், இவன் எந்த ஜாதி, எந்த மதம் என்று கேட்காமல் வேலை செய்த பெண் அன்றே அந்த முற்றத்தில் நின்றாள் என்று நமக்குத் தோன்றுகிறது.

லட்சுமி ராணி மேரி கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1938-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிரசவ வைத்தியத்தில் தனியாக ஒரு டிப்ளோமாவும் வாங்கினார். திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் சொல்லும் பெண்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். விமானம் ஓட்டும் ஒருவரை மணந்தார். அந்த வாழ்வு ஒத்துவரவில்லை. 1940-ல் கப்பலேறி சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அங்கே சிறு ஆஸ்பத்திரி ஒன்று நடத்தினார். வந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்த இந்திய ஏழைகள்.

மலேயாவுக்குப் போன நம் ஜனங்கள்

இந்த இடத்தில் மதுரைச் சீமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

மதுரை, ராமநாதபுரம் பக்கத்து நிலமெல்லாம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கஞ்சிக்கு வழி இல்லை. கங்காணி வந்து ஆள் கூப்பிடுவான். தமிழ் ஜில்லாக்கள் பலவற்றிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். மலேயாவில் ரப்பர் தோட்டத்து லயங்களில் குடியேறினார்கள். விடியுமுன் எழுந்து பால் வெட்டினார்கள். அங்கேயே பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளில் அநேகர் இந்திய மண்ணைக் கண்ணால் கண்டதே இல்லை. ஊர்ப் பெயர் மட்டும் தெரியும்.

இந்தக் கதையில் வரும் நர்ஸுகளும் சிப்பாய்ப் பெண்களும் பெரும்பாலும் இவர்கள் வீட்டுப் பெண்களே.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலேயாவில் இறங்கினார்கள். சிங்கப்பூர் மீது குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-ந் தேதி பிரிட்டிஷ் படை சரண் அடைந்தது. அசைக்க முடியாத கோட்டை என்று சொன்ன ஊர் பத்து வாரங்களில் விழுந்துவிட்டது. இந்தியச் சிப்பாய்கள் மட்டும் நாற்பதாயிரம் பேருக்கு மேல் கைதிகள் ஆனார்கள். டாக்டர் லட்சுமி காயம்பட்ட கைதிகளுக்கு வைத்தியம் செய்தார். பிரசவம் பார்க்கப் படித்தவர், குண்டுக் காயத்துக்கு மருந்து போடக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

நேதாஜி வந்தார்

1939 செப்டம்பர் 3-ந் தேதி பிரிட்டன் ஜெர்மனி மீது யுத்தப் பிரகடனம் செய்தது. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 6-ந் தேதி, சுபாஷ் சந்திர போஸ் மதுரைக்கு வந்தார். முத்துராமலிங்கத் தேவர் பெரிய வரவேற்பு ஏற்பாடு செய்திருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1943 ஜூலை 2-ந் தேதி, அதே போஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்.

ஒரு வாரத்தில் பெரிய கூட்டம் நடந்தது. பெண்களும் ஆயுதம் ஏந்த வேண்டும், பெண்களுக்கென்று தனிப் படை வேண்டும் என்று அவர் சொன்னார். ஜான்சி ராணியின் பெயரை அந்தப் படைக்கு வைத்தார். கேட்டவர்களுக்கு வியப்பு. ஜப்பானியருக்கோ இது பிடிக்கவே இல்லை. பெண்களுக்குச் சோறும் துப்பாக்கியும் கொடுப்பது வீண் என்று அவர்கள் எண்ணினார்கள்.

லட்சுமி வீடு வீடாகப் போய் இருபது பெண்களைச் சேர்த்தார். அவர்கள் புடவை கட்டிக்கொண்டு, கனமான துப்பாக்கியைத் தோளில் வைத்து, நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். பிறகு நேதாஜி லட்சுமியைக் கூப்பிட்டுப் பல மணி நேரம் பேசினார். படைக்குத் தலைமை தாங்க முடியுமா என்று கேட்டார். லட்சுமி சம்மதித்தார். நன்றாக நடந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரியை மூடினார்.

1943 அக்டோபர் 21-ந் தேதி சுதந்திர இந்திய சர்க்கார் சிங்கப்பூரில் அமைந்தது. மந்திரிகளில் ஒரே ஒரு பெண் லட்சுமி. மறுநாள் பெண்களின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

புடவையை விட்டுக் காக்கி

அம்மாமார்களும் அப்பாமார்களும் மகளைப் படைக்கு அனுப்பச் சுலபத்தில் ஒப்புவார்களா? லட்சுமி மலேயா முழுவதும் சுற்றினார். பெண்களுக்கு ஒரு குறையும் வராது என்று பெற்றோருக்கு உறுதி கொடுத்தார். தமிழ் பேசும் டாக்டரம்மா என்பதால் தோட்டத்து ஜனங்கள் நம்பினார்கள்.

கோலாலம்பூரில் ஜானகி தேவர் என்ற பதினெட்டு வயதுப் பெண் நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். வசதியான வீட்டுப் பெண். பிறகு தானும் படையில் சேர்ந்தார். தோட்டத்துப் பெண்களின் சங்கதி வேறு. யுத்தத்தால் ரப்பர் விற்கவில்லை. தோட்டங்களில் பசி. வீட்டு ஆண்களை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். தனியே இருக்கும் பெண்களுக்குச் சிப்பாய்களால் பயம். முகாமில் மூன்று வேளைச் சோறும் மானமும் கிடைக்கும் என்று வந்தவர்களும் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. பசிக்கு வந்தவளும் பிறகு மற்றவளோடு ஒன்றாகத்தான் நின்றாள்.

காக்கிக் கால்சட்டை, சட்டை, தொப்பி கொடுத்தார்கள். லட்சுமி தம் நீண்ட கூந்தலை வெட்டிக்கொண்டார். விடியற்காலையில் கவாத்து. துப்பாக்கி சுடவும், துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தவும் கற்றார்கள். மூட்டையைச் சுமந்து மைல் கணக்கில் நடந்தார்கள். உத்தரவெல்லாம் இந்துஸ்தானியில். தமிழ்ப் பெண்கள் அதையும் படித்தார்கள். தோட்டத்தில் உழைத்த உடம்பு ஆகையால், நடையிலும் சுமையிலும் பட்டணத்துப் பெண்களை அவர்கள் தோற்கடித்துவிட்டார்கள்!

படையில் ஆயிரம் பேர் இருந்ததாக அந்நாளில் சொன்னார்கள். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் ஐந்நூறுக்கு உள்ளேதான் இருக்கும் என்கிறார்கள். அவர்களில் சுமார் 200 பேர் நர்ஸ் வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அந்தப் பிரிவுக்குச் சாந்த் பீபியின் பெயரை வைத்தார்கள். சாந்த் பீபி, மொகலாயப் படையை எதிர்த்து அகமதுநகர்க் கோட்டையைக் காத்த ராணி.

மேமியோ மலையில்

1944-ல் பெண்கள் பர்மாவுக்குப் புறப்பட்டார்கள். ரயில் போன வழி, சயாமையும் பர்மாவையும் இணைத்து ஜப்பானியர் அப்போதுதான் போட்டு முடித்த பாதை. மலேயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் காய்ச்சலிலும் மாண்டு போட்ட பாதை அது. வண்டியில் இருந்த பெண்களில் எத்தனை பேருக்கு அப்பனோ அண்ணனோ அந்தக் காட்டில் புதைந்து கிடந்தானோ!

மாந்தளைக்குக் கிழக்கே மேமியோ என்ற மலை ஊர். நம் கொடைக்கானலில் பாதி உயரம் இருக்கும். குளிர்ந்த இடம். இந்திய தேசிய ராணுவம் அங்கே முகாம் வைத்திருந்தது. பெண்கள் அங்கே காத்திருந்தார்கள். இம்பால் விழுந்ததும் இந்திய மண்ணில் கால் வைப்போம் என்பது அவர்கள் ஆசை. தங்களையும் போர்முனைக்கு அனுப்பும்படி நேதாஜிக்கு மனுச் செய்தார்கள்.

இம்பால் விழவில்லை. சோறும் மருந்தும் தோட்டாவும் மலை தாண்டிப் போய்ச் சேரவில்லை. மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. பாதையெல்லாம் சேறு. படை திரும்பியது. அந்தப் போருக்குச் சென்ற ஜப்பானியர் ஏறத்தாழ 85,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், அல்லது காயம் பட்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். துப்பாக்கிக் குண்டில் செத்தவரைவிடப் பசியிலும் நோயிலும் செத்தவர் அதிகம். இந்தியச் சிப்பாய்களின் கதியும் அதுவே. இலையையும் புல்லையும் தின்று நடந்தார்கள். மலேரியா ஒரு பக்கம், சீதபேதி ஒரு பக்கம்.

எலும்பும் தோலுமாக அவர்கள் மேமியோ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். போருக்குப் போகக் காத்திருந்த பெண்கள் முன்னால் போர் இந்த உருவத்தில் வந்து நின்றது.

துப்பாக்கியை வைத்துவிட்டு அவர்கள் கட்டுத் துணியை எடுத்தார்கள்.

ராணுவ நர்ஸ் வேலை என்றால் நெற்றியில் கை வைத்து ஆறுதல் சொல்வது என்று சினிமாவில் காட்டுவார்கள். உண்மை வேறு. சீதபேதிக்காரன் ஒரு நாளில் இருபது முப்பது தடவை போவான். அவனைத் துடைக்க வேண்டும். துணியை மாற்ற வேண்டும். உடம்பில் நீர் வற்றிவிடாமல், கொதித்து ஆறிய நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்க வைக்க வேண்டும். மலேரியாக்காரனுக்குக் குளிர் வந்தால் கட்டிலே ஆடும். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். நாட்பட்ட புண்ணில் புழு வைக்கும். அதை எடுத்துக் கழுவிக் கட்ட வேண்டும். அவன் கத்துவான். கை நடுங்கக் கூடாது. மருந்து போதாத ஆஸ்பத்திரியில் நர்ஸின் கைதான் மருந்து.

அந்நிய ஆண்பிள்ளையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் வளர்ந்த பெண்கள் இத்தனையும் செய்தார்கள். படுத்திருந்தவர்களில் பஞ்சாபி உண்டு, மராத்தி உண்டு, முஸ்லிம் உண்டு, தமிழன் உண்டு.

மேமியோவும் குண்டுவீச்சுக்குத் தப்பவில்லை. விமானச் சத்தம் கேட்டால், எழுந்து நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓட வேண்டும். 1945 பிப்ரவரியில் ரங்கூனுக்கு அருகே இருந்த இந்திய தேசிய ராணுவ ஆஸ்பத்திரி ஒன்று குண்டுவீச்சில் அழிந்தது. படுத்த படுக்கையாய் இருந்த நோயாளிகள் பலர் மாண்டார்கள்.

எல்லையின் அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஆஸ்பத்திரிகளிலும் இந்தியப் பெண்கள் நர்ஸுகளாக இருந்தார்கள். அங்கேயும் தமிழ்ச் சிப்பாய்கள் படுத்திருந்தார்கள். யுத்தம் ஒரே ஜனங்களை இரண்டு பக்கத்திலும் படுக்க வைத்தது.

ஜான்சி ராணிப் படை துப்பாக்கியோடு நிற்கும் படம் பல புஸ்தகங்களில் இருக்கிறது. மேமியோவில் மலப் பாத்திரம் சுமந்த பெண்களுக்குப் படம் எடுக்க யாரும் வரவில்லை. ஆனால் அந்தப் படை யுத்தத்தில் செய்த பெரிய வேலை எது என்று கேட்டால், இதுதான் என்று நாம் சொல்வோம். போர்முனையில் சண்டையிட அவர்களுக்கு உத்தரவு கடைசிவரை கிடைக்கவில்லை. அதில் அவர்களுக்கு வருத்தம் உண்டு. அவர்கள் கையால் பிழைத்தவர்களுக்கு அந்த வருத்தம் இருந்திருக்காது.

காட்டில் பிடிபட்டார்

1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை ரங்கூனை நெருங்கியது. பெண்களைப் பத்திரமாக வீடு சேர்க்க நேதாஜி ஏற்பாடு செய்தார். ரயிலில் திரும்பிய ஒரு கோஷ்டியைக் கொரில்லாக்கள் வழியில் சுட்டார்கள். ஸ்டெல்லா, ஜோஸபின் என்ற இரு பெண்கள் இறந்தார்கள்.

ஏப்ரல் 24-ந் தேதி நேதாஜியே ஒரு கோஷ்டியை அழைத்துக்கொண்டு ரங்கூனை விட்டார். ஜானகி தேவரும் அதில் இருந்தார். பகலில் விமானங்கள் சுற்றும். ஆகவே பகலில் மரத்தடியில் பதுங்கி, இரவில் நடந்தார்கள். ஆறுகளைக் கடந்தார்கள். பெண்களை விட்டு முன்னால் போக நேதாஜி மறுத்துவிட்டார். அவர் காலிலும் கொப்புளம். மூன்று வாரம் கழித்துப் பாங்காக் சேர்ந்தார்கள்.

லட்சுமி அந்தக் கோஷ்டியில் இல்லை. அவர் பர்மாவின் உட்பகுதியில் ஆஸ்பத்திரி ஆட்களோடும் நோயாளிகளோடும் காட்டில் இருந்தார். அவர் டாக்டர். நடக்க முடியாத நோயாளியை விட்டு எங்கே போவது? 1945 மே மாதம் பிரிட்டிஷாரின் கையில் பிடிபட்டார். 1946 மார்ச் வரை பர்மாவிலேயே வைத்திருந்தார்கள். பிறகு இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

படையில் அவருக்கு அதைவிடப் பெரிய பதவி கொடுத்திருந்தார்கள். ஜனங்களுக்கு அது தேவைப்படவில்லை. கேப்டன் லட்சுமி என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மலேயாத் தோட்டத்துப் பெண்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். காக்கியை அவிழ்த்துவிட்டு மறுபடி புடவை கட்டினார்கள். விடியுமுன் எழுந்து மறுபடி பால் வெட்டினார்கள். தாங்கள் செய்த வேலையைப் பேரன் பேத்திக்குக்கூடச் சொல்லாமல் அவர்களில் அநேகர் கண் மூடியிருப்பார்கள்.

கான்பூர் டாக்டரம்மா

டில்லிச் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மூவர் மீது பிரிட்டிஷ் சர்க்கார் வழக்கு நடத்தியதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மூவரில் ஒருவர் பிரேம் குமார் சேகல். ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு. நாடே கொதித்தது. தண்டனையை ரத்து செய்தார்கள். அந்தச் சேகலை லட்சுமி 1947 மார்ச்சில் லாகூரில் மணந்தார். இருவரும் கான்பூரில் குடியேறினார்கள்.

சில மாதங்களில் நாடு பிரிந்தது. அகதிகள் கூட்டம் கூட்டமாகக் கான்பூர் வந்தார்கள். லட்சுமி மறுபடி கட்டுத் துணியை எடுத்தார். இந்துவும் வந்தார்கள், முஸ்லிமும் வந்தார்கள். இருவரும் அந்த அம்மாளை நம்பினார்கள். சுபாஷிணி, அனிசா என்று இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். பிரசவ ஆஸ்பத்திரி வேலை நிற்கவில்லை.

1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். லட்சுமிக்கு அப்போது 56 வயது. போங்காவ்ன் என்ற எல்லை ஊருக்குப் போய் முகாமில் வாரக் கணக்கில் வேலை செய்தார். அங்கேயும் அதே சேறு, அதே வயிற்றுப்போக்கு. மேமியோவில் படித்த பாடம் உதவியது. அந்த ஆண்டுகளில்தான் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1984-ல் போபாலில் விஷ வாயு பரவியபோது மருத்துவக் குழுவோடு அங்கே போனார். அதே ஆண்டு சீக்கியர்களுக்கு எதிராகக் கலகம் நடந்தபோது, கான்பூரில் அமைதி காக்கப் பாடுபட்டார்.

1998-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2002-ல் இடதுசாரிக் கட்சிகள் அவரை ஜனாதிபதி பதவிக்கு நிறுத்தின. எதிரே நின்றவர் ராமேசுவரத்து அப்துல் கலாம். கலாம் ஜெயிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். லட்சுமிக்கும் தெரியும். அப்படியும் 87 வயதில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தோற்றார். கான்பூருக்குத் திரும்பினார். மறுபடி நோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

92 வயதிலும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் கையில் பிறந்த பெண்கள், தங்கள் மகள்களைப் பிரசவத்துக்கு அவரிடம் அழைத்து வந்தார்கள்.

2012 ஜூலை 23-ந் தேதி கான்பூரில் காலமானார். வயது 97. அவர் விருப்பப்படி உடலை எரிக்கவில்லை. மாணவர்கள் படிப்பதற்காகக் கான்பூர் மருத்துவக் கல்லூரியில் ஒப்படைத்தார்கள்.